காற்றாட விட்ட ஐந்து நிமிடம்

கட்டண விசாரணை மண்டபத்தில் முதல் நாற்காலி பறந்தபோது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எரிவாயுக் கம்பெனி வக்கீல் அப்போதுதான் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, "மதிப்பிற்குரிய ஆணையம்" என்று ஆரம்பித்திருந்தார். நாற்காலி அவர் தோளில் இடித்து மைக்கோடு சேர்ந்து விழுந்தது. மைக் வீலென்று அலறியது. அதற்கப்புறம் யார் யாரை அடித்தார்கள் என்று கேட்டால் அடித்தவர்களுக்கே தெரியாது. கம்பெனிக் கணக்காளர் ஒருவரின் காலரைப் பிடித்துக்கொண்டு ஒரு தையல்காரர், "எங்க வீட்டுல அடுப்பு எரிய வேணாமாய்யா?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தார். ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் அறை. மேடையில் இருந்த மூன்று உறுப்பினர்களில் இரண்டு பேர் பின்கதவு வழியாகக் கம்பி நீட்டிவிட்டார்கள். தலைவர் மட்டும் மணியை அடித்துக்கொண்டே இருந்தார், பாவம், அது யார் காதிலும் விழவில்லை.

ஓரத்தில் ஆணைய ஊழியர்களின் வரிசையில் மூக்கர் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் அதுவல்ல. ஆனால் வாயுக் கசிவைக் கருவிக்கு முன்னால் அவர் மூக்கு கண்டுபிடித்துவிடும் என்பதால் இருபது வருடமாக அதுதான் பெயர். கூட்டத்தில் தன் அக்காவைத் தேடி அவர் கண்கள் அலைந்தன. அக்கா முதல் வரிசையில்தான் நின்றாள், நின்றாள் என்ன, நாற்காலி மேல் ஏறி நின்றாள். போலீஸ் உள்ளே புகுந்து கண்மண் தெரியாமல் தடியைச் சுழற்றியபோது ஓர் அடி அவள் நெற்றியில் விழுந்தது. அவள் கீழே சரிந்ததை மூக்கர் பார்த்தார். மேசையைத் தாண்டிக் குதித்து, இரண்டு பேரை முழங்கையால் இடித்துத் தள்ளி, அவளை வெளியே இழுத்துவந்தார்.

வாசற்படியில் உட்கார வைத்துக் கைக்குட்டையை நெற்றியில் அழுத்தினார். கைக்குட்டை ஒரு நொடியில் நனைந்து போயிற்று.

"உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? மண்டை உடைஞ்சிருக்கு பாரு."

"மண்டை போனாப் போகுது. சலவைக் கடை போயிடுச்சுன்னா?" அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள். "பாய்லர் எரிஞ்சாத்தான்டா எனக்குச் சோறு. ஒன்றரை மடங்கு ஏத்தணும்னு கேக்கறானுங்களே, நானும் மாமாவும் ஊரான் துணியைத் துவைச்சு வர்ற காசைக் கம்பெனிக்கே கொடுத்துட்டுத் தெருவுல நிக்கணுமா? நீ உள்ளதானே உக்காந்திருக்க? ஏதாவது பண்ணுடா!"

"இந்த வருஷம் உன் பில்லுல ஒரு காசு ஏறாதுக்கா. நான் பாத்துக்கறேன்."

வாய் தவறிச் சொன்ன வார்த்தை இல்லை அது. மனதாரச் சொன்னார். அக்கா கையில் வளர்ந்தவர் அவர். அவள் ரத்தம் அவர் விரலிடுக்கில் பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் எதைத்தான் சொல்லியிருக்க மாட்டார்!

இந்த ஆணையத்துக்கு இரண்டே வேலை. குழாய் வழியாக வீட்டுக்கு வரும் எரிவாயுவுக்கு நகரத்து ஜனங்கள் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்வது ஒன்று. அதே எரிவாயு அவர்களைக் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. முதல் வேலைக்கு இரண்டு மாடி நிறைய ஆட்கள். இரண்டாவதற்கு மொத்தம் நாலு பேர், அதில் ஒருவர் நம்ம மூக்கர். எரிவாயுக் குழாய் போகும் தெருக் குழிகளைத் திறந்து, கருவியை இறக்கி, கசிவை அளந்து வகைப்படுத்துவது அவர் பிழைப்பு. முதல் வகை என்று எழுதினால் கம்பெனி அன்றைக்கே தோண்டிச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் வகைக்கு ஆறு மாதம் தவணை உண்டு. மூன்றாம் வகையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

விசாரணை அடிதடியில் முடிந்தாலும் தீர்ப்பு ஜனங்கள் பக்கமே வந்தது. ஒன்றரை மடங்கு ஏற்றம் கிடையாது. ஆனால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இந்த வருடத்தில் முதல் வகைக் கசிவுகள் நூறைத் தாண்டினால், குழாய்கள் இற்றுப்போய்விட்டன என்று பொருள், அவற்றை மாற்றுகிற செலவைக் கம்பெனி எல்லோர் பில்லிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம். நியாயமான வரிதான். எழுதியவர்கள் நல்லதை நினைத்துத்தான் எழுதினார்கள். வருடம் முடியப் பதினெட்டு நாள் இருந்தபோது முதல் வகைக் கசிவுகளின் எண்ணிக்கை சரியாக நூறில் நின்றது.

அன்றைக்குத்தான் அக்கா தெருவிலிருந்து புகார் வந்தது.

தெருமுனையில், கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த அக்காவின் இடத்துக்கு ஐம்பது அடி தள்ளி, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கின் முன்னால் அந்தக் குழி. கம்பெனி சார்பில் வால்வுக்காரன் வந்திருந்தான். வால்வுகளைத் திறப்பதும் மூடுவதும் குழி தோண்டுவதும் அவன் வேலை, கறுத்து ஒல்லியான, வாய்த்துடுக்கான ஆள். இரண்டு பேருமாகக் கடப்பாரையை விட்டு இரும்பு மூடியை நெம்பினார்கள். மூடி நகர்ந்ததுமே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. மூக்கர் கருவியை இறக்கினார். முள் அறுபத்திரண்டில் போய் நின்றது. நாற்பதைத் தாண்டினால் முதல் வகை.

மூக்கர் கருவியை மேலே இழுத்துக்கொண்டார். படிவத்தை எடுக்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூடியைத் திறந்த கையோடு அளக்க வேண்டும் என்பது விதி, ஏனென்றால் திறந்து வைத்தால் வாயு கலைந்துவிடும். இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவரே அவர்தான். அவர் அந்தக் குழியை ஐந்து நிமிடம் காற்றாட விட்டார். திரும்பக் கருவியை இறக்கினார். முப்பத்து நான்கு.

முப்பத்து நான்கு என்று எழுதினார். இரண்டாம் வகை. பொய் எண் எதையும் எழுதவில்லை பாருங்கள், கருவி காட்டியதைத்தான் எழுதினார்! மனுஷன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள இதைவிட வசதியான வழி கிடையாது. புது வருடம் பிறந்த முதல் நாளே வந்து, முறைப்படி அளந்து, முதல் வகை என்று எழுதி அன்றைக்கே தோண்ட வைத்துவிடலாம். பதினெட்டே நாள்.

"சார், இது அறுபத்திரண்டு," என்றான் வால்வுக்காரன்.

"முப்பத்து நாலு. கையெழுத்துப் போடு."

"விளையாடறீங்களா சார்? போன வாரம்தான் தெரு முழுக்க சிமெண்ட் போட்டிருக்காங்க. மேல வர வழி இல்லன்னா வாயு பக்கவாட்டுல வீட்டுக்குள்ள போகும். மண்ணுக்குள்ள ஊர்ந்து போறதுல நாத்தம்கூடத் தெரியாது. இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

"உங்க கம்பெனிக்கு எண்ணிக்கை நூத்தியொண்ணு ஆகணும். அதுக்குத்தானே இந்தக் குதி குதிக்கிற?"

"கம்பெனி நாசமாப் போகட்டும். நான் குழி தோண்டறவன், எனக்கு என்ன எண்ணிக்கை? குடுங்க, நான் எழுதறேன்." அவன் படிவத்தைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

மூக்கர் அடித்துவிட்டார். பளாரென்று விழுந்த அடியில் வால்வுக்காரன் பின்னால் சாய்ந்து மூடியின் விளிம்பில் உட்கார்ந்தான். உதடு கிழிந்துவிட்டது. இருபது வருட வேலையில் அவர் யார் மேலும் கை வைத்ததில்லை, அடித்த கை அவருக்கே அந்நியமாகத் தெரிந்தது. வால்வுக்காரன் ரத்தத்தைத் துப்பினான். அதிகாரியைத் திருப்பி அடித்தால் வேலை போகும். எழுந்து கையெழுத்தைப் போட்டான், மூக்கர் படிவத்தோடு கிளம்பிப் போனார். மூடியை இழுத்து மூடி, அதன் மேல் இரண்டாம் வகைக்கான மஞ்சள் வட்டத்தைப் பெயிண்டால் போட்டான். அதற்கப்புறம் ஜன்னலுக்கு வந்த தெருக்காரர்கள் அவன் மூடியதையும் வண்டி ஏறிப் போனதையும் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் மூக்கர் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, கடையில ஜன்னலைத் திறந்தே வை."

"இந்தக் குளிருலயா? துணி எப்படிடா காயும்? ஏன், என்ன விஷயம்?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் எழுதவில்லை என்று கேட்பாள், கேட்டால் தெருவெல்லாம் தெரியும், தெரிந்தால் வேலை போகும். "ஒண்ணுமில்லக்கா, சும்மாத்தான்," என்று மென்று விழுங்கிவிட்டார்.

பதினோராவது நாள் காலை ஒன்பது மணிக்கு ஆணைய அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எல்லோரும் இடி என்றார்கள். மூக்கருக்கு மட்டும் தெரியும். ஒன்பது மணிக்கு மாமா பாய்லரைப் பற்ற வைப்பார், வருடத்தில் ஒரு நாள்கூடத் தவறாமல்.

அவர் போய்ச் சேர்ந்தபோது கடை இருந்த இடத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முன்சுவர் மொத்தமும் நடுத்தெருவில் கிடந்தது. மாடியின் தரை பாதி தொங்கியது. ஊராருடைய சட்டைகளும் போர்வைகளும் மின்கம்பிகளில் போய்ச் சிக்கி எரிந்துகொண்டிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தன் கையில் பதிந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டபடி, வலி உறைக்காமல், யாரையோ கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள். கடைக்குள் உடைந்த குழாயிலிருந்து ஆளுயரத்துக்கு மேல் தீ பீறிட்டு இரைந்தது. இரண்டு பக்கச் சுவர்களும் கறுத்துப் புகைந்தன, அந்தச் சுவர்களுக்கு அப்பால் வரிசையாக வீடுகள். தெருவின் மறுமுனையில் தீயணைப்பு வண்டி இடிபாட்டைத் தாண்ட முடியாமல் நின்றது.

அக்கா உயிரோடு இருந்தாள். துவைத்த துணியைக் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போயிருந்தாளாம். நடுத்தெருவில் ஒரு விரிப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். விரிப்புக்கு வெளியே மாமாவின் கால்கள் மட்டும் தெரிந்தன, ஒன்றில் செருப்பு இருந்தது. மூக்கர் அவளிடம் போகவில்லை.

அந்த நேரத்தில்தான் கம்பெனி வண்டி தெருமுனையில் வந்து நின்றது. வால்வுக்காரன் தன்னந்தனியாகக் குதித்து இறங்கினான். கையில் வால்வுச் சாவி, நெஞ்சுயரம் வரும் கனத்த இரும்புத் தடி, மேலே குறுக்காகப் பிடி. தெருமுனையில் தரைக்கடியில் இருக்கும் வால்வை அந்தச் சாவியால் திருகி மூடினால்தான் வாயு நிற்கும். வாயு நிற்காமல் தீயை அணைக்கவே கூடாது. எரியாத வாயு அடுத்த வீடுகளுக்குள் புகுந்து அவற்றையும் வெடிக்க வைக்கும். அவன் குனிந்து வால்வு மூடியைத் திறந்தான். அதற்குள் எவனோ ஒருவன் கத்தினான்.

"இவன்தான்! அன்னிக்கு மூடியை மூடிட்டுப் போனவன் இவன்தான்!"

ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். அன்றைக்கு மண்டபத்தில் கணக்காளரை அறைந்த அதே தையல்காரர்தான் முதலில் சாவியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அதையே ஓங்கி வால்வுக்காரனின் முழங்காலுக்குக் கீழே இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் கூட்டத்தின் கடைசி ஆள்வரை கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவனை மிதித்தார்கள், வயிற்றில், விலாவில், முகத்தில். செங்கல்லை எடுத்து வந்தான் ஒருவன். தடுக்க வந்த இரண்டு போலீஸ்காரர்களைச் சட்டையைப் பிடித்துச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள்.

"கொல்லுங்கடா அவனை!" விரிப்பின் பக்கத்திலிருந்து அக்கா கத்தினாள். "என் வீட்டுக்காரரைக் கொன்னவன்டா! உயிரோட விடாதீங்க!"

மூக்கர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே போனார். "விடுங்க! அவன் வால்வை மூடணும்! இன்னும் வாயு வந்துட்டே இருக்கு, அடுத்த வீடும் போயிடும்!"

"இப்ப மூடி என்ன கிழிக்கப் போறான்?" தையல்காரர் சாவியை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். மூக்கரை அடையாளம் கண்டதும் குரல் தணிந்தது. "சார், நீங்க நம்ம ஆளு. நம்ம அக்காவோட தம்பி. நீங்களே சொல்லுங்க சார், இந்த நாய்தானே கசிவு தெரிஞ்சும் மூடிட்டுப் போனது?"

அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. கீழே வால்வுக்காரன் ஒரு கண்ணால் பார்த்தான், மற்றது வீங்கி மூடிவிட்டது.

மூக்கர் பேசாமல் நின்றார். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, அந்த மனுஷன் வாயைத் திறக்காமல் நின்றார். உயிர்ப்பயம் என்றால் அப்படித்தான். அவருடைய மௌனத்தை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார் தையல்காரர். சாவி மறுபடி உயர்ந்து இறங்கியது, இந்தத் தடவை தோளில். தோள் கழன்று உள்ளே போனது. வால்வுக்காரனுக்கு அலறக்கூட வரவில்லை, கெக்கென்று ஒரு சத்தம் வந்தது. சாவி மூன்றாவது முறை உயர்ந்தபோது அது தலைக்கு நேராக இருந்தது.

"நான்தான்!" மூக்கர் அவன் மேல் குப்புற விழுந்தார். "நான்தான் எழுதினேன்! முதல் வகைன்னு எழுதச் சொல்லி இவன் கெஞ்சினான். நான் இவனை அடிச்சு வாயை மூட வெச்சேன்!"

யாரும் நம்பவில்லை. "சார் பதட்டத்துல உளறார்," என்றான் ஒருவன். அக்காவே எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, எந்திரிடா. உன் நல்ல மனசைக் காட்டற நேரமாடா இது? எந்திரி!"

மூக்கர் தோள்பையைத் திறந்து படிவப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். தையல்காரர் அதை வாங்கிப் பிரித்தார். தெருவின் பெயர், தேதி, முப்பத்து நான்கு, இரண்டாம் வகை. அளந்தவர் கையெழுத்து. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவர் கையெழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"அறுபத்திரண்டு இருந்துச்சு," என்றார் மூக்கர். "மூடியைத் திறந்து காத்தாட விட்டுட்டு, குறைஞ்சதுக்கப்புறம் எழுதினேன்."

"ஏன்டா?" அக்காவின் குரல் அவ்வளவு சின்னதாக ஒருபோதும் வந்ததில்லை.

"நூறைத் தாண்டினா உன் பில்லு ஏறும்க்கா."

முதல் அடி அக்கா அடித்தாள். வெறும் கையால், மூடிய முட்டியால், மூக்கின் மேலேயே. ரத்தம் கொட்டியது. இரண்டாவது, மூன்றாவது என்று அவள் கை ஓயும்வரை அடித்தாள். மூக்கர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. அப்புறம் தெரு முழுக்க அவர் மேல் விழுந்தது. விலாவில் உதை விழுந்து உள்ளே ஏதோ ஒடிந்தது. யாரோ அவர் விரல்களைக் குதிகாலால் நசுக்கினார்கள், எழுதிய கை எது என்று கேட்டு, பார்த்து நசுக்கினார்கள். தாங்கள் நம்பிய ஆள் செய்த துரோகத்துக்கு விழுகிற அடியே தனி. வால்வுக்காரனுக்கு விழுந்ததைப் போல இரண்டு மடங்கு விழுந்தது.

கால்களுக்கு இடையில் அவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரர் சாவியைத் தூக்கிக்கொண்டு வால்வுக் குழிக்கு ஓடுகிறார். வால்வுக்காரன் முறிந்த காலை இழுத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் ஊர்ந்து, அவர் பின்னாலேயே போகிறான்.

"வலப்பக்கம்," என்கிறான் அவன், ரத்தம் வழியும் வாயோடு. "வலப்பக்கம் திருப்புய்யா. அழுத்து. இன்னும்."

அவன் காலை உடைத்த ஆள் அவன் சொன்னபடியெல்லாம் திருப்பினார். திருப்பத் திருப்பத் தையல்காரர் அழுதுகொண்டிருந்தார். தீ ஆளுயரத்திலிருந்து இடுப்புக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது, நீலமாகத் தரையோடு கொஞ்ச நேரம் தவழ்ந்தது, அணைந்தது. பக்கத்துச் சுவர்கள் விழாமல் நின்றுவிட்டன. அந்தச் சுவர்களுக்கு அப்பால் எண்பது பேர் இருந்தார்கள் என்று பிற்பாடு விசாரணையில் சொன்னார்கள்.

"போதும்," என்றாள் அக்கா. இரக்கத்தில் சொன்னதில்லை அது. கூட்டம் விலகியது. அவள் மூக்கரின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் இப்போது முகம் என்று சொல்ல அதிகம் இல்லை.

"அன்னிக்கு ஏத்தாதீங்கன்னு கத்தினேன்தான். ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு விலையா மாமாவைக் குடுக்கறேன்னு சொன்னேனாடா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? கேட்டிருந்தா, ஏறட்டும்டான்னு சொல்லியிருப்பேனே!" அவள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "எவ்வளவு ஏறியிருக்கும்? சொல்லு. எவ்வளவுடா?"

மூக்கருக்கு அந்த எண் தெரியும். தீர்ப்பு வந்த அன்றே அக்கா கடைக்கென்று தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார். தாடை திறக்கவில்லை. இரண்டு முறை முயன்று மூன்றாவது முறை சொன்னார்.

"மாசத்துக்கு... பத்து சட்டைக் கூலிக்கா."

அக்கா அவர் சட்டையை விட்டாள். விரிப்பின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து சட்டையா? பத்து சட்டையை மாமா டீ ஆறுறதுக்குள்ள தேய்ச்சிடுவாரேடா."